சுகப்பிரசவத்துக்கு எத்தனை மணி நேரம்?

சுகப்பிரசவம் எது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1996-இல் ஓர் இலக்கணம் வகுத்தது. வலி தானாகத் தொடங்கியிருக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஆபத்தின் அறிகுறி தென்படக் கூடாது. 37 வாரம் நிறைந்து 42 வாரத்துக்குள் குழந்தை தலை முதலாகத் தானே வெளிவர வேண்டும். பிறந்த பின் தாயும் சேயும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பவை அதன் உறுப்புகள். இத்தனை மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆயினும் இன்றைய பிரசவ அறைகளின் முக்கியமான முடிவுகள் பலவும் கடிகாரத்தைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. கருப்பைவாய் திறக்கவில்லை, இனியும் காத்திருக்க முடியாது என்று சொல்லி அறுவை அரங்குக்கு அனுப்பப்படும் பெண்களில் ஒரு பகுதியினர், பிரசவத்தின் முதல் கட்டத்தில் முற்பாதியைக்கூட இன்னும் கடக்காதவர்கள்.

கர்நாடகத்தில் பிரசவம் ஏறத்தாழ முழுமையாக வீட்டை விட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக்காக 2019–20-இல் அம்மாநிலத்தில் திரட்டப்பட்ட விவரங்களின்படி 97 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. அதே ஆய்வின் முந்தைய சுற்றில் 23.6 சதவீதமாக இருந்த சிசேரியன் 31.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. தமிழ்நாட்டின் கணக்கு இன்னும் கூடுதலாக 44.9 சதவீதம். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதமாகவும் தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதமாகவும் இருந்த இந்த விகிதம், பெண்களின் உடல் இருவேறு வகைப்பட்டது என்பதால் உண்டானதாக இருக்க முடியாது. மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பின் அது மேலும் உயர்வதால் தாய்மார் இறப்பு குறைவதாகச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்ததையும் சேர்த்துப் பார்த்தால், உடல் தன் போக்கில் செய்யக்கூடிய வேலை எது, அதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் எவ்வளவு என்ற கேள்வி மருத்துவ மாணவர்களோடு நின்றுவிடாமல் குடும்பங்களுக்கும் உரியதாகிறது.

பெங்களூரில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. விக்டோரியா மருத்துவமனைக்கு அருகில் 1935-இல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் மருத்துவமனை, மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் தாயும், அவர் சிறுவனாக இருந்தபோது அரசாட்சியைக் கவனித்தவருமான மகாராணி வாணி விலாச சன்னிதானத்தின் பெயரைத் தாங்கியது. இன்று பெங்களூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அது, நகரின் ஏழைப் பெண்களோடு அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்து சிக்கலான நிலையில் அனுப்பப்படும் பெண்களையும் ஏற்றுக்கொள்கிறது. சிவாஜிநகரில் தமிழும் உருதும் கலந்து ஒலிக்கும் கோஷா மருத்துவமனையும், அல்சூர், ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளின் மாநகராட்சிப் பிரசவ மனைகளும் பல தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் அறிந்தவை. கையில் தாயி கார்டு என்ற கர்ப்பகாலப் பதிவட்டையோடு அங்கே வந்து சேரும் பெண்ணின் உடலுக்குள், அவள் படியேறுவதற்குப் பல நாட்கள் முன்பே வேலை தொடங்கிவிட்டிருக்கும்.

வலிக்கு முன் நடப்பது

கர்ப்பம் தரிக்காத நிலையில் சுமார் 70 கிராம் எடையுள்ள கருப்பை, பத்தாம் மாதத்தில் 1,000 கிராமுக்கு மேல் எடைகொண்ட தசைப்பையாக வளர்கிறது. சுருங்குவதற்கென்றே அமைந்த அத்தனை பெரிய தசை ஒன்பது மாதம் சுருங்காமல் அடங்கியிருப்பதுதான் முதல் வியப்பு. நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கருப்பைத் தசையை அமைதிப்படுத்தி வைப்பதோடு, கருப்பையின் கழுத்துப் பகுதியாகிய கருப்பைவாயை இறுக்கி மூடியும் வைக்கிறது. பிரசவத்தைத் தொடங்கிவைப்பது யார், தாயா குழந்தையா என்ற கேள்விக்கு நியூசிலாந்தின் மருத்துவ அறிஞர் கிரஹாம் லிக்கின்ஸ் 1960-களில் செம்மறியாடுகளிடம் விடை தேடினார். வயிற்றிலுள்ள குட்டியின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து எழும் கார்டிசால் தாயாட்டின் புரோஜெஸ்டிரோனைச் சரியச் செய்து வலியைத் தொடங்கிவைக்கிறது என்பது அவரது கண்டுபிடிப்பு.

மனிதரில் கதை இத்தனை நேராக இல்லை. தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோனின் அளவு பிரசவத்தின்போதும் குறைவதில்லை. அந்த ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகளின் தன்மை மாறுவதால் அது இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. அதே காலத்தில் ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஒருவகைத் தூண்டு ஹார்மோன் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறது. முதிர்ந்த நுரையீரலிலிருந்து பனிநீரில் கலக்கும் புரதங்களும், தான் தயார் என்று குழந்தை அனுப்பும் தகவலாகச் செயல்படுவதாகக் கருதப்படுகின்றன. இவற்றின் விளைவாகத் தசை இழைகளுக்கிடையே மின் இணைப்புகள் பெருகுவதால், அதுவரை தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்த இழைகள் ஒன்றுபட்டுச் சுருங்கும் ஆற்றலைப் பெறுகின்றன. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை ஏற்கும் ஏற்பிகளும் பன்மடங்காகின்றன. இவ்வளவு ஏற்பாடுகளும் நாட்காட்டியைப் பார்த்து நடப்பவையல்ல என்பதால், மருத்துவர் குறித்துத் தரும் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே இருக்கிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்பது ஒரு நடுக்குறி. அதற்கு முன் மூன்று வாரங்களும் பின் இரண்டு வாரங்களும் இயல்பின் எல்லைக்குள் அடங்குபவை.

கருப்பைவாய் இந்த நாட்களில் பழுக்கிறது. அதன் கட்டுமானப் பொருளாகிய கொலாஜன் நார்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்களால் தளர்ந்து, நீர்ச்சத்து கூடி, மூக்கு நுனியைத் தொடுவதுபோல் கெட்டியாக இருந்த பகுதி உதட்டைப்போல் மென்மையாகிறது. அப்போதுதான் அதன் நீளம் குறைந்து விளிம்பு மெலிய முடியும். தலைப்பிரசவத்தில் மெலிதல் முதலிலும் திறத்தல் பின்னரும் நடப்பதால் காலம் கூடுதலாகிறது; அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டும் உடன்நிகழ்வாக நடக்கின்றன. இந்தப் பழுத்தல் நிறைவடையாத உடலில் மருந்தேற்றி வலியைத் தொடங்கிவைத்தால் அது நீண்டு இழுபடுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை, நல்ல நாள் நல்ல நட்சத்திரம் பார்த்துத் தேதி கேட்கும் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

முதல் கட்டம்: திறக்கும் வேலை

பாட்டிமார் சூட்டுவலி என்று சொல்லும் பொய்வலிக்கும் மெய்வலிக்கும் உள்ள வேறுபாடு உடலியலில் தெளிவானது. பொய்வலியில் சுருக்கங்கள் ஒழுங்கின்றி வந்து, நடந்தாலோ படுத்தாலோ கஷாயம் குடித்துச் சற்று ஓய்ந்தாலோ அடங்கிவிடும். கருப்பைவாயில் மாற்றம் எதுவும் நிகழாது. மெய்வலியில் சுருக்கங்கள் ஒழுங்காக வந்து, இடைவெளி குறுகி, வலிமை கூடி, முதுகிலிருந்து அடிவயிற்றுக்குப் பரவும். கருப்பைவாயை அடைத்திருந்த சளி சற்று இரத்தம் கலந்து வெளிப்படுவதும் இக்காலத்தில்தான். பனிக்குடம் சிலருக்கு வலிக்கு முன்பே உடைந்தாலும், பெரும்பாலோருக்கு வலி தொடங்கிய பின்பே உடைகிறது.

மெய்வலியின் ஒவ்வொரு சுருக்கமும் கருப்பையின் மேற்பகுதியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவுகிறது. மேலே வலிமையாகவும் கீழே மெலிதாகவும் இருப்பது அதன் இயல்பு. உடலின் மற்ற தசைகள் சுருங்கி முடிந்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். கருப்பைத் தசை இதில் தனிவகை: ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பின்னும் முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறுகிய நிலையிலேயே அது நின்றுகொள்கிறது. இதனால் மேற்பகுதி தடிக்கத் தடிக்கக் கீழ்ப்பகுதி மெலிந்து மேலே இழுக்கப்பட, கருப்பைவாய் திறந்துகொண்டே போய் 10 சென்டிமீட்டரை எட்டும்போது கருப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே தடையென்று எதுவும் மிஞ்சுவதில்லை. குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்த அழுத்த, அந்த அழுத்தத்தின் செய்தி நரம்பு வழியே மூளைக்குச் சென்று பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து மேலும் ஆக்சிடோசினைக் கொணர்கிறது. அது சுருக்கத்தை வலுவாக்க, தலை மேலும் அழுத்துகிறது. உடலின் பெரும்பாலான ஹார்மோன் சுற்றுகள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்பவை. இதுவோ தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு குழந்தை பிறந்த பின்பே ஓயும் சுற்று. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் ஆக்சிடோசினைச் செயற்கையாக உருவாக்கி, 1955-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பிரசவ அறையில் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து 'வலி ஊசி' என்று ஏற்றப்படுவது அந்தச் செயற்கை வடிவமே.

சுருக்கத்தைப் போலவே இடைவெளியும் உடலியலின் பகுதி. கருப்பைத் தசை இறுகும்போது அதன் வழியே நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது. தளரும்போதுதான் குழந்தைக்கு ஆக்சிஜன் மீண்டும் முழுமையாகக் கிடைக்கிறது. பத்து நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு சுருக்கங்கள் என்ற வேகத்தில் குழந்தை மூச்சு வாங்க இடமிருக்கிறது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மருந்தின் அளவைக் கூட்டினால் முதலில் பலியாவது இந்த இடைவெளிதான். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கிறதா என்று முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்டறிய வேண்டும் என்பது இதனால்தான். காத்திருத்தல் என்பது சும்மா இருப்பதன்று. இந்த இடையறாத கவனிப்பே காத்திருத்தலின் உள்ளடக்கம், அதற்குத்தான் ஆட்களும் பயிற்சியும் தேவைப்படுகின்றன.

ஒரு மணிக்கு ஒரு சென்டிமீட்டர்

கடிகாரம் பிரசவ அறைக்குள் வந்த கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. இமானுவேல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர் தலைப்பிரசவப் பெண்கள் 500 பேரின் கருப்பைவாய் விரிவை மணிக்கணக்கோடு வரைபடமாக்கி 1955-இல் வெளியிட்டார். அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் மயக்க மருந்து தரப்பட்டிருந்தது என்பது பிற்காலத்தில் அதிகம் நினைக்கப்படவில்லை. 1972-இல் அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காஸல் என்ற இரு மருத்துவர்கள் பெரிய மருத்துவமனைக்கு யாரை எப்போது அனுப்புவது என்று தொலைதூர மருத்துவச்சிகள் முடிவெடுக்க உதவும் வகையில், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற எச்சரிக்கைக் கோட்டையும், அதற்கு நான்கு மணி நேரம் தள்ளிச் செயல்கோட்டையும் வரைந்தார்கள். பார்ட்டோகிராம் எனப்படும் இத்தாள் எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வாகன வசதியில்லாத ஊர்களில் அபாயத்தை முன்கூட்டியே அறிய வரையப்பட்ட கோடு, அறுவை அரங்கு பக்கத்து அறையிலேயே இருக்கும் நகரங்களில் பெண்ணுடல் கட்டாயம் தேறியாக வேண்டிய தேர்வாக மாறிவிட்டது.

அமெரிக்காவின் 19 மருத்துவமனைகளில் 62,415 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து ஜாங் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, நலமாகக் குழந்தை பெற்ற பெண்களிலேயே சிலருக்கு 4-இலிருந்து 5 சென்டிமீட்டராக விரிய ஆறு மணி நேரத்துக்கும் மேலாகலாம் என்று காட்டியது. நைஜீரியாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வும் அதே திசையைச் சுட்ட, உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தன் பரிந்துரைகளை மாற்றியமைத்தது. கருப்பைவாய் 5 சென்டிமீட்டர் திறப்பது வரையிலான காலம் மறைநிலை. அதற்குப் பொதுவான கால அளவு எதுவும் வகுக்கப்படவில்லை, ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறுபடும். 5-இலிருந்து 10 வரையிலான காலம் தீவிரநிலை. அது தலைப்பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்தையும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டாது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவைவிட மெதுவாகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிடக் கூடாது என்றும் அப்பரிந்துரை வெளிப்படையாகக் கூறியது.

பெங்களூர்வாசிகளுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நினைத்து அஞ்சும் குடும்பங்கள், முதல் வலி கண்டவுடனேயே பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. இரண்டு சென்டிமீட்டரில் படுக்கையில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்குச் சேர்த்த நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குவதால், மறைநிலையில் கழியும் இயல்பான மணி நேரங்கள் யாவும் தாமதமாகக் கணக்கிடப்பட்டு, வலி ஊசி, பனிக்குடம் உடைத்தல், பின்னர் அறுவை என்ற வரிசைக்குள் அவள் இழுக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. சிக்கல் எதுவும் இல்லாத பெண் மறைநிலையின் பெரும்பகுதியை வீட்டிலோ மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டிலோ கழிப்பது, போக்குவரத்துக்கும் உடலியலுக்கும் ஒருசேரப் பொருந்தும் வழி.

இரண்டாம் கட்டம்: வெளிவரும் வழி

கருப்பைவாய் முழுதாகத் திறந்ததிலிருந்து குழந்தை பிறப்பது வரை இரண்டாம் கட்டம். தலைப்பிரசவத்தில் இது பொதுவாக மூன்று மணி நேரத்துக்குள்ளும், அடுத்தடுத்த பிரசவங்களில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் முடிகிறது. மனித இடுப்பெலும்பின் வழி நேர்க்குழாய் அன்று. அதன் நுழைவாயில் பக்கவாட்டில் அகன்றும், வெளிவாயில் முன்பின்னாக அகன்றும் இருக்கிறது. இரு கால்களில் நிமிர்ந்து நடக்கும் உயிருக்கு அமைந்த இடுப்பும், பெரிய மூளைக்கு ஏற்ற பெரிய தலையும் சந்திக்கும் இந்த இடத்தில் குழந்தை திரும்பித்தான் வெளிவர முடியும்.

தலை பக்கவாட்டில் பார்த்த நிலையில் நுழைந்து, இறங்க இறங்க முகவாயை மார்போடு சேர்த்துக்கொள்கிறது. நிமிர்ந்த தலை 11.5 சென்டிமீட்டர் அளவில் வழியை அடைக்கும், குனிந்த தலையோ 9.5 சென்டிமீட்டரில் நுழைந்துவிடும். பின்னர் இடுப்புத்தளத் தசைகளின் சரிவில் பட்டு உட்புறமாகத் திரும்பி, பிடரி தாயின் முன்புறத்துக்கு வருகிறது. பிடரி முன்னெலும்பின் அடியைக் கடந்ததும் குனிந்திருந்த தலை நிமிர்ந்து, உச்சி, நெற்றி, முகம், முகவாய் என்ற வரிசையில் வெளிப்படுகிறது. வெளிவந்த தலை தன் தோள்களுக்கு நேராக மீண்டும் பக்கவாட்டில் திரும்ப, முதலில் முன்தோளும் பிறகு பின்தோளும் கழன்று, உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. மண்டையோட்டின் எலும்புகள் இன்னும் ஒட்டாதிருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி இடம்விட்டுக் கொடுக்கின்றன. பிறந்த குழந்தையின் தலை நீண்டு காணப்படுவதற்கும் உச்சிக்குழி துடிப்பதற்கும் அதுவே காரணம், சில நாட்களில் வடிவம் தானே சீராகிவிடும்.

மல்லாந்து படுத்த நிலை பிரசவம் பார்ப்பவருக்கு வசதியானதே தவிர, பெறுபவளுக்கு வசதியானதன்று. அந்நிலையில் கருப்பையின் கனம் பெரிய இரத்த நாளங்களை அழுத்துகிறது. முதுகெலும்பின் கீழ்முனை எலும்பு பின்னே நகர்வதற்கும் இடம் குறைகிறது. ஒருக்களித்தோ, குந்தியோ, முழங்காலிட்டோ, பெண் தானே தேர்ந்துகொள்ளும் நிலையில் குழந்தை பெற அனுமதிக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் ஒன்று. வயிற்றை மேலிருந்து அழுத்துவது, எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரித்துத் தையல் போடுவது, எனிமா கொடுப்பது, மழிப்பது ஆகியவற்றுக்கு ஆதாரமில்லை என்றும் அது சொல்கிறது. நம் பிரசவ அறைகள் பலவற்றில் இவை இன்னும் நீங்கவில்லை என்பது, அறிவு போதாமையால் அன்று, இடமும் ஆளும் பற்றாமையாலும் பழக்கத்தாலும்தான்.

துணை

அச்சம் பிரசவத்தை நீட்டிக்கும் என்பது மனத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பயந்த உடல் சுரக்கும் அட்ரினலின் கருப்பைச் சுருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. உடலே சுரக்கும் வலிதணிப்பியான எண்டார்ஃபினும் ஆக்சிடோசினும் பாதுகாப்பான சூழலில் நன்கு வேலை செய்கின்றன. 26 ஆய்வுகளில் பங்கேற்ற 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இடைவிடாத துணை பெற்ற பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுவதையும், வலிநேரமும் சிசேரியனும் குறைவதையும் கண்டது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் தவித்த செட்டிப்பெண் இரத்தினாவதிக்குச் சிவபெருமானே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்று திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. பிரசவத்தில் தனித்துவிடப்படுவதை நம் முன்னோர் எத்தனை பெரிய துயரமாகக் கருதினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-இலேயே பிரசவத் துணைத் திட்டம் வந்தது. 2016-இல் மத்திய அரசும் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்க அனுமதித்து வழிகாட்டுதல் அளித்தது.

துணையும் பொறுமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகம் அறிந்த சான்று சூலகித்தி நரசம்மா. துமகூரு மாவட்டம் பாவகடா வட்டத்தைச் சேர்ந்த இவர், ஏட்டுப் படிப்பில்லாமல், பாட்டியிடம் கற்ற கைத்திறனோடு எழுபது ஆண்டுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கட்டணம் வாங்காமல் பார்த்தார். சூலகித்தி என்பது கன்னடத்தில் மருத்துவச்சிக்கு வழங்கும் பெயர். ஊர் அதையே அவர் பெயரோடு சேர்த்துவிட்டது. 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று பெங்களூர் மருத்துவமனையொன்றில் 98 வயதில் காலமானார். முறையாகப் பயின்ற மருத்துவச்சிச் செவிலியர்கள் சிக்கலற்ற பிரசவங்களைப் பார்க்கும் முறையை இந்தியாவில் உருவாக்குவதற்கான தேசிய வழிகாட்டி நெறிகளை மத்திய அரசு வெளியிட்டதும் அதே மாதத்தில்தான். பதிவு பெற்ற செவிலியருக்கு மேலும் 18 மாதப் பயிற்சி அளித்து, பிரசவ அறையை ஒட்டியே அவர்கள் பொறுப்பில் தனிப்பிரிவு நடத்துவது அத்திட்டத்தின் சாரம். நரசம்மாவைக் காட்டி வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று வாதிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இடத்தை அல்ல, விட்டகலாமல் உடனிருந்த பழக்கத்தை. வீட்டை விலக்கியே ஆக வேண்டியதன் காரணம் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது.

மூன்றாம் கட்டம்: அரை மணி நேரம்

குழந்தை பிறந்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கூட்டம் மகிழும் நேரத்தில்தான் தாயின் உயிருக்கு மிகப் பெரிய சோதனை காத்திருக்கிறது. பத்தாம் மாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. குழந்தை வெளியேறியதும் கருப்பை சட்டென்று சுருங்க, சுருங்காத நஞ்சுக்கொடி அதன் சுவரிலிருந்து பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்த நாளங்களைப் பின்னிக்கொண்டு ஓடும் தசை இழைகள் இறுகி நெரித்து மூடுகின்றன. மருத்துவ நூல்கள் இவற்றை உயிருள்ள கட்டுகள் என்று அழைக்கின்றன. கர்ப்ப காலத்தில் தாயின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருப்பதால் சிறிதளவு இழப்பை உடல் தாங்கும். கருப்பை சோர்ந்து சுருங்காமல் போனால் உதிரப்போக்கு சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும். யாருக்கு அப்படி நேரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று கூறும் நாட்டில், மற்றவர் தாங்கும் இழப்பையும் தாங்க முடியாத பெண்கள் ஏராளம்.

இதற்கான தீர்வுகளில் ஒன்று கர்நாடகத்திலேயே சோதிக்கப்பட்டது. பெலகாவி மாவட்டத்துக் கிராமங்களில் 2002-க்கும் 2005-க்கும் இடையே 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வில், வீடுகளிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் கிராமச் செவிலியர் பார்த்த பிரசவங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை தரப்பட்டபோது, உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. 2006-இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில் இரத்தத்தைக் கண்ணால் பார்த்து உத்தேசிக்காமல், அளவுக்கோடு இட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே வைத்துத் துல்லியமாக அளந்தார்கள். அத்தகைய விரிப்பை மையமாகக் கொண்டு ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, கடுமையான உதிரப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. எளிய பொருள், பெரிய பலன். நம் பிரசவ அறைகள் எல்லாவற்றிலும் இது இருந்தாக வேண்டும். மருத்துவமனையில், குழந்தை பிறந்ததும் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் தருவதே முதல் தடுப்பு. வலியை விரைவுபடுத்துவதற்காக அதே மருந்தைக் கண்டபடி ஏற்றுவதைக் கண்டிப்பவர்களும் இந்த ஊசியை மறுக்கக் கூடாது. நஞ்சுக்கொடி வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் வெளிவந்துவிடும்; அது முழுமையாக வந்ததா என்று பார்ப்பதும், அடுத்த இரண்டு மணி நேரம் கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் பிரசவத்தின் பகுதியே.

தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்துத் துண்டித்தால் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தத்தின் ஒரு பகுதி குழந்தையைச் சேர்ந்து, பின்வரும் மாதங்களில் இரும்புச்சத்தாக உதவும். வலிநேரத்தில் சுரந்த ஹார்மோன்கள் நுரையீரல் நீரை வற்றச் செய்திருப்பதால் முதல் மூச்சு எளிதாகிறது. மூச்சு விரிந்ததும் நுரையீரலுக்கு இரத்தம் பாய, அதுவரை இதயத்தில் திறந்திருந்த குறுக்குவழி மூடிக்கொள்கிறது. தாயின் மார்பில் தோலோடு தோல் படக் கிடத்தப்பட்ட குழந்தை ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கத் தொடங்கினால், அந்தச் சப்புதலே ஆக்சிடோசினை மீண்டும் சுரக்கச் செய்து கருப்பையை இறுக்குகிறது.

சிசேரியன் தேவைப்படும் நேரத்தில் அது தாமதமானால் அதுவும் உயிரிழப்பே. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி 2018–20-இல் கர்நாடகத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 69 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர், கேரளத்தில் 19 பேர். ஆகவே கர்ப்பிணியின் வீட்டார் நினைவில் வைக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. உதிரம் கொட்டுதல், பனிநீர் பச்சை நிறத்தில் வெளியேறுதல், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலியோடு பார்வை மங்குதல், வலிப்பு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலி ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திருக்கலாகாது. 108-ஐ அழைத்துவிட வேண்டும். வலியில்லாமலே பனிக்குடம் உடைந்தாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். இவை எதுவும் இல்லாத தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் ஒழுங்காகத் தொடர்ந்த பின் கிளம்புவது பொதுவாகப் போதுமானது.

எட்டாம் மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவமனையிடம் குடும்பத்தார் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். பிரசவ அறைக்குள் துணை அனுமதிக்கப்படுமா, எத்தனை சென்டிமீட்டரில் சேர்த்துக்கொள்வார்கள், நடக்கவும் நீராகாரம் குடிக்கவும் விடுவார்களா, நள்ளிரவில் இரத்தம் கிடைக்குமா, அறுவை தேவைப்பட்டால் மயக்க மருந்து மருத்துவர் எத்தனை நிமிடத்தில் வருவார் என்பவை அவை. பதில் சொல்ல மறுக்கும் மருத்துவமனையை மாற்றிக்கொள்ள எட்டாம் மாதத்தில் அவகாசம் உண்டு. வலி எடுத்த இரவில் இல்லை.